முழங்காலுக்குள் ஒளிரும் துகள்: பெருமாள்மலை வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு 58 வயது. கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலையில் இருக்கிறோம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது கால்தான் மோசம். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. கீழே ஒரு நகரத்தில் உள்ள மருத்துவமனையில், வயிற்றுக் கொழுப்பை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல் பிரித்து, முழங்காலில் ஊசியாகப் போடுவதாகச் சொல்கிறார்கள். மூன்றரை லட்சம் ஆகுமாம். "மற்ற இடங்களில் போட்ட செல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் ஒளிரும் நானோ துகளைச் செல்லுக்குள் ஏற்றி அனுப்புவோம். செல் வேலை செய்வதைத் திரையில் நீங்களே பார்க்கலாம்" என்று ஒரு வீடியோ காட்டினார்கள். சிவப்பாக மின்னியது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் என் மகள் தேடிப் பார்த்து, இந்தத் துகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும் என்கிறாள். என் வீட்டுக்காரர் இங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். "பாதரசம் கண்ணாடிக்குள் இருக்கிற வரைக்கும் ஒன்றும் செய்யாது என்றுதான் எங்களிடமும் சொன்னார்கள். கண்ணாடி உடையாமல் இருந்ததா?" என்று கேட்கிறார். துகள் பாதுகாப்பானதா? உடம்பை விட்டு வெளியே போகுமா? திரையில் தெரியும் வெளிச்சத்தை நம்பலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் பண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் சிகிச்சைக்குத் தேதி கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஏன் என்பதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நான் எலும்பு மருத்துவர் அல்ல, செல் உயிரியல் ஆய்வாளர். ஸ்டெம் செல்களில், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்களில், ஒளிரும் துகள்களை ஏற்றுவதும், அவை விலங்கு உடலில் எங்கே போகின்றன என்று தேடுவதும் பல வருடம் என் அன்றாட வேலையாக இருந்தது. அந்த வேலை எனக்குப் பிடித்தமானது. அது ஒரு விளம்பரப் பலகையாக உங்கள் முன்னால் நிறுத்தப்பட்டதைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது.

ஒளிர்தல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். வங்கியில் ஊதா விளக்குக்கு அடியில் ரூபாய் நோட்டை வைத்துப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பளிச்சென்று தெரியும். விளக்கை அணைத்தால் அவையும் அணைந்துவிடும். ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிற ஒளியைத் திருப்பித் தருவதுதான் அது. 1845-ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி, மலேரியா மருந்தான கொய்னாவின் கரைசலை வெயிலில் பிடித்தபோது அதன் மேற்பரப்பில் ஒரு நீல ஒளி படர்வதைக் கண்டு எழுதினார். 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதை விளக்கினார். அந்தக் கொய்னாவைத் தரும் சிங்கோனா மரத்தைத்தான் பிறகு 1860-களில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டு வளர்த்தார்கள். இன்றும் ஒளிரும் பொருளின் திறனை அளக்க ஆய்வகங்களில் கொய்னாவை அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். இதை எழுதக் காரணம் உண்டு. ஒளிர்வது எல்லாம் உயிருள்ளது அல்ல. மரப்பட்டைச் சாறும் ஒளிரும், ரூபாய் நோட்டும் ஒளிரும். கீழே இந்த விஷயத்துக்கே திரும்ப வருவேன்.

செல்லுக்கு அடையாளம் போடுவது வீண் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் பேசியவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. ஊசியில் போட்ட செல் எங்கே போகிறது என்பது பெரிய கேள்விதான். 2005-ல் நெதர்லாந்தில் தோல் புற்றுநோயாளிகள் எட்டுப் பேருக்கு, நோய் எதிர்ப்புச் செல்களில் இரும்பு ஆக்சைடு துகளை ஏற்றி நிணநீர்க் கணுவுக்குள் செலுத்தினார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்துக்கொண்டே, கைதேர்ந்தவர்கள் போட்ட ஊசி அது. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் நான்கு பேருக்குச் செல்கள் கணுவுக்குள்ளேயே போகவில்லை. துகள் ஏற்றியிராவிட்டால் அது தெரிந்தே இருக்காது. சிகிச்சை பலிக்கவில்லை என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஆகவே தேடிப் பார்ப்பது அவசியம். எந்தத் துகளை ஏற்றி, எந்தக் கருவியால் பார்த்து, பார்த்ததிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி உங்கள் மகள் சொன்ன காட்மியம். ஒளிரும் நானோ துகள்களில் பெயர் பெற்றது குவாண்டம் டாட். இரண்டிலிருந்து பத்து நானோமீட்டர் வரை குறுக்களவு. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ எண்பதாயிரம் நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு சிறியது என்று புரியும். ஒரே பொருள், ஆனால் சிறியதாகச் செய்தால் நீலமாகவும் பெரியதாகச் செய்தால் சிவப்பாகவும் ஒளிரும். இதைக் கண்டுபிடித்து வளர்த்ததற்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணச் சாயம் சில நிமிடம் ஒளிபட்டாலே வெளுத்துவிடும். இது மணிக்கணக்கில் மங்காது. செல்லைப் பின்தொடர இதைவிட வசதியான விளக்கு வேறு கிடையாது என்று நாங்கள் கொண்டாடிய காலம் உண்டு.

அந்த விளக்கின் உள்ளே இருப்பது, பெரும்பாலான வகைகளில், காட்மியம் செலினைடு. அதன் மேல் துத்தநாக சல்பைடால் ஓர் உறை. அதற்கும் மேலே, நீரில் கரைவதற்காக ஒரு பூச்சு. உள்ளே நஞ்சு, வெளியே உறை.

உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இங்கே அப்படியே பொருந்துகிறது. தெர்மாமீட்டரில் பாதரசமும் கண்ணாடிக்குள்தான் இருந்தது. நோயாளியின் நாக்குக்கு அடியில் வைக்கிற சில நிமிடத்துக்கு அது பாதுகாப்பானதுதான். ஆனால் கண்ணாடி உடைகிற இடமும் உண்டு. 2001-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊரே பார்த்தது. குவாண்டம் டாட்டைப் பற்றியும் அதே மூன்று கேள்விகள்: உறை எவ்வளவு உறுதி, எவ்வளவு காலம் தாங்கும், உடைந்தால் உள்ளிருப்பது எங்கே போகும்?

உறையைப் பற்றி 2004-லேயே நல்ல ஆய்வு வந்தது. உறை இல்லாத காட்மியம் செலினைடு துகளைக் காற்றுபட வைத்தோ புற ஊதா ஒளியில் காட்டியோ கல்லீரல் செல்களுக்குக் கொடுத்தபோது, காட்மியம் கசிந்து செல்கள் மடிந்தன. துத்தநாக சல்பைடு உறை போட்டதும் காற்றால் வரும் கேடு ஏறக்குறைய நின்றது. புற ஊதா ஒளியால் வரும் கேடு குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. இது உடம்புக்குள் அல்ல, ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் வளர்ப்புத் தட்டில் பார்த்தது. செல் ஒரு துகளை விழுங்கினால் அதைக் கொண்டுபோய் வைக்கிற இடம் லைசோசோம் என்கிற ஒரு சிறு பை. நம் வயிறு மாதிரி அங்கேயும் அமிலம் உண்டு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அந்த அமிலத்தில் ஊறும் உறையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

உடம்பை விட்டு வெளியே போகுமா என்று கேட்டிருந்தீர்கள். 2007-ல் அமெரிக்காவில் எலிகளிடம் அளந்து பார்த்தார்கள். மேல் பூச்சையும் சேர்த்து ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குள் அடங்கும் துகள்தான் சிறுநீரகத்தின் வழியாக வேகமாக வெளியேறியது. அதைவிடப் பெரியது கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கும். செல்லுக்கு ஏற்றப் பயன்படுத்தும் குவாண்டம் டாட், பூச்சோடு சேர்த்தால், பெரும்பாலும் இதைவிடப் பெரியது. 2012-ல் ரீசஸ் குரங்குகளுக்கு இரத்தத்தில் நேராகக் குவாண்டம் டாட் செலுத்தி 90 நாள் பார்த்தார்கள். குரங்குகள் நலமாகவே இருந்தன, இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. இந்த வரியை மட்டும் எடுத்து, "பாதுகாப்பு நிரூபணமாகிவிட்டது" என்று துண்டறிக்கை அடிக்கலாம். அதே ஆய்வில் அடுத்த வரியும் இருக்கிறது: செலுத்திய காட்மியத்தின் பெரும்பகுதி 90 நாளுக்குப் பிறகும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் அப்படியே இருந்தது.

காட்மியத்தின் குணமே அதுதான், அவசரப்படாது. மனித உடம்பில் ஒருமுறை சேர்ந்தது பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது வருடம் பிடிக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவு கலந்த நீர் பாய்ந்த வயலின் அரிசியை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிந்து, சிறுநீரகம் கெட்டது. பெரும்பாலும் உங்கள் வயதுப் பெண்கள். 'இடாய் இடாய்', அதாவது 'வலிக்குது, வலிக்குது' என்பதே அந்த நோயின் பெயராகிவிட்டது. 1968-ல் அந்த நாட்டு அரசே காரணம் காட்மியம் என்று ஒப்புக்கொண்டது. ஓர் ஊசியில் போகும் அளவு அதோடு ஒப்பிட மிக மிகக் குறைவு. உங்களைப் பயமுறுத்த அதைச் சொல்லவில்லை. 90 நாள் நலமாக இருந்ததைக் காட்டி 30 வருடத்துக்கு உறுதி கொடுக்க முடியாது, அதற்காகத்தான் சொன்னேன்.

காட்மியமே இல்லாத துகள்களும் உண்டு. சிலிக்காவுக்குள் சாயத்தை அடைத்த துகள் ஒன்றை 2011-ல் மனிதர்களிடம் சோதிக்க அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது. 2014-ல் வெளியான அதன் முதல் முடிவு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேரைப் பற்றியது. துகள் சிறியது, சிறுநீரில் வெளியேறியது, தீங்கு தெரியவில்லை. ஆனால் அது புற்றுக்கட்டியைப் படம்பிடிப்பதற்காக இரத்தத்தில் தனியாகச் செலுத்தியது, ஸ்டெம் செல்லுக்குள் ஏற்றியது அல்ல. நானோ வைரம் என்று ஒன்று இருக்கிறது. வைரத்தின் கரிமக் கட்டமைப்பில் ஓர் இடத்தில் நைட்ரஜன் புகுந்து, பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால் அந்த இடம் சிவப்பாக ஒளிரும். வெளுக்கவே வெளுக்காது, நச்சும் மிகக் குறைவு. 2013-ல் தைவான் ஆய்வாளர்கள் எலியின் நுரையீரல் ஸ்டெம் செல்களில் இதை ஏற்றி, அடிபட்ட நுரையீரலில் அவை எங்கே போய் ஒட்டின என்று தனித்தனிச் செல்லாகக் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் அது ஒன்று. அதிலும் படம் எடுத்தது எலியின் நுரையீரலை வெளியே எடுத்து, மெல்லிய சீவலாக வெட்டி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துத்தான்.

கார்பனால் ஆன ஒளிரும் துகளான கார்பன் டாட் பற்றியும் உங்கள் மகள் படித்திருக்கலாம். 2004-ல் கார்பன் புகைக்கரியைச் சுத்தம் செய்யும்போது தற்செயலாகக் கிடைத்தது. இப்போது எலுமிச்சைச் சாறு, பால், ஏன், பூண்டிலிருந்துகூடச் செய்கிறார்கள். பூம்பாறை மலைப்பூண்டுக்காரர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். ஆனால் பூண்டிலிருந்து வந்தது என்பதற்காக அது பூண்டு ஆகிவிடாது. மூடிய கலத்தில் உயர்ந்த சூட்டில் வெந்து முற்றிலும் வேறு பொருளாகிவிட்ட ஒன்றை, 'இயற்கையானது' என்ற சொல்லை நம்பி மூட்டுக்குள் போட்டுக்கொள்ளக் கூடாது. காட்மியம் இல்லை என்ற பதில் கிடைத்தாலும் கேள்வி அங்கே முடியாது.

ஏனென்றால் துகள் நஞ்சாக இல்லாவிட்டாலும் செல்லின் புத்தியை மாற்றிவிடலாம். உங்கள் முழங்காலுக்கு இது நேராகச் சம்பந்தப்பட்டது. 2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லில் இரும்பு ஆக்சைடு துகளை ஏற்றிப் பார்த்தார்கள். அந்தத் துகள் அப்போது கல்லீரல் ஸ்கேனுக்கு ஒப்புதல் பெற்றிருந்த மருந்து. செல்கள் சாகவில்லை, நன்றாகப் பெருகின, கொழுப்பாக மாறச் சொன்னால் மாறின, எலும்பாக மாறச் சொன்னாலும் மாறின. குருத்தெலும்பாக மாறச் சொன்னபோதுதான் மாற மறுத்தன. உங்கள் மூட்டில் தேய்ந்துபோயிருப்பது எதுவோ, அதை உண்டாக்கும் திறன் மட்டும் கெட்டுப்போயிருந்தது. செல் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் அந்த ஆய்வு துகளுக்கு நற்சான்று கொடுத்திருக்கும்.

அடுத்து, திரையில் தெரிந்த வெளிச்சம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், என் கையால் நடந்த தவறு ஒன்றும் இதில் இருக்கிறது.

ஆய்வில் சேர்ந்து மூன்றாவது வருடம். ஸ்டெம் செல்லில் சிவப்புக் குவாண்டம் டாட் ஏற்றி, எலியின் தசைக்காயத்தில் ஊசி போட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் தசையை எடுத்துச் சீவி, இருட்டறையில் நுண்ணோக்கியில் வைத்தால், காயத்தைச் சுற்றிலும் சிவப்புப் புள்ளிகள் அகல் வரிசை மாதிரி நின்றன. செல்கள் பிழைத்துவிட்டன, காயத்தைத் தேடிப் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று மகிழ்ந்து, அன்றே எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் மூத்த ஆய்வாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வெளிச்சம் இருக்கிறது. அது யாருடைய வயிற்றில் இருக்கிறது என்று பார்த்தாயா?"

பார்த்திருக்கவில்லை. நம் உடம்பில் குப்பை அள்ளுகிற செல்கள் உண்டு. மேக்ரோபேஜ் என்போம். செத்த செல்லை விழுங்கிச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. அவற்றுக்கு மட்டும் பிடிக்கும் பச்சைச் சாயத்தைப் போட்டு அதே சீவலை மறுபடி பார்த்தேன். சிவப்பு இருந்த இடத்திலெல்லாம் பச்சையும் இருந்தது. நான் ஊசி போட்ட ஸ்டெம் செல்கள் சில நாளிலேயே செத்துப்போயிருந்தன. அவற்றை எலியின் குப்பைச் செல்கள் விழுங்கியிருந்தன. துகள் மட்டும் மங்காமல், ஒருவர் வயிற்றிலிருந்து இன்னொருவர் வயிற்றுக்குப் போய், அங்கேயும் அதே பிரகாசத்தோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது. மங்காது என்று எதைப் பெருமையாகச் சொன்னோமோ அதுவே ஏமாற்றியது.

அன்றிலிருந்து ஒளிரும் படம் எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான் எனக்கு முதலில் வரும். உங்களுக்கு அவர்கள் சொன்னது "செல் வேலை செய்வதைப் பார்க்கலாம்" என்று. துகளின் வெளிச்சம் துகள் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். செல் உயிரோடு இருக்கிறதா என்பதையே அது சொல்லாது, வேலை செய்வதை எங்கே சொல்லப்போகிறது? இன்னொரு பக்கமும் இருக்கிறது: செல் உயிரோடு இருந்து பெருகினால் துகள் பங்கு போட்டுக்கொண்டே குறையும். பத்து முறை பிளந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நன்றாக வாழ்கிற செல் மங்கிப்போகும், செத்த செல்லின் துகள் பளிச்சென்று இருக்கும். படத்தைத் தலைகீழாகப் படிக்க நேரலாம்.

செல் செத்தால் அணைகிற விளக்கும் ஆய்வகத்தில் உண்டு. அதை மின்மினிப் பூச்சியிடமிருந்து எடுத்தோம். மின்மினியின் ஒளிக்குக் காரணமான லூசிபெரேஸ் என்ற புரதத்தின் மரபணுவைச் செல்லுக்குள் வைத்துவிட்டால், அதற்குரிய பொருளைக் கொடுக்கும்போது அந்தச் செல் தானே ஒளிவிடும். அதற்குச் செல்லின் சொந்தச் சக்தி தேவை, உயிர் போனால் ஒளியும் போகும். அதனால் நேர்மையான ஆய்வுகளில் துகளையும் இதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். செத்த செல்லில் துகளை ஏற்றி ஒரு எலிக்கும், வெறும் துகளை இன்னொரு எலிக்கும் கொடுத்து ஒப்பிடுவார்கள். மரபணுவை மாற்றுவதால் இந்த மின்மினி முறையை உங்கள் முழங்காலில் செய்யக் கூடாது. எலிக்குத்தான்.

அந்த வீடியோ உங்கள் முழங்காலைப் போன்ற ஒரு மனித முழங்காலில் எடுத்ததாக இருக்குமா? இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். இன்றிரவு டார்ச் விளக்கை உள்ளங்கைக்கு அடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கை முழுக்கச் செக்கச்செவேலென்று தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் எலும்பின் விளிம்பு தெரியாது. ஒளி தசைக்குள் போகிறது, ஆனால் சிதறிப் பரவிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சில மில்லிமீட்டர் ஆழம்தான் ஓரளவு பார்க்கலாம். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து மங்கலான ஒரு திட்டு தெரியலாம். எலி ஒரு விரல் பருமன்தான், அதனால் எலிக்குள் பார்க்க முடிகிறது. தோல், கொழுப்பு, தசைநார் எல்லாம் தாண்டி மனித மூட்டுக்குள் இருக்கும் தனிச்செல்லை வெளியில் வைத்த காமிராவால் பார்க்க இன்று வழி கிடையாது. தனிச்செல் மின்னுகிற அந்தப் படம் வளர்ப்புத் தட்டிலோ விலங்கிலோ எடுத்ததாகத்தான் இருக்கும். "இது யாருடைய உடம்பு?" என்று அவர்களிடம் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டெம் செல் சிகிச்சை என்பதே பொய் அல்ல. வேலூரில் இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் மஜ்ஜை மாற்று செய்கிறார்களே, அதுவும் ஸ்டெம் செல்தான், பல பத்தாண்டுகளாக உயிர் காக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அப்படி நிலைபெற்ற சிகிச்சைகளைத் தவிர மற்றவற்றை முறைப்படி அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம். முழங்கால் தேய்மானத்துக்கு, வேறொருவரின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த ஒரு தயாரிப்புக்கு 2022-ல் இந்திய ஒப்புதல் கிடைத்திருக்கிறது. உங்களுக்குச் சொன்னது அது அல்ல. உங்கள் கொழுப்பிலிருந்து செல் எடுத்து, அதில் நானோ துகள் ஏற்றித் திருப்பிப் போடுவது, 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின் பார்வையில் ஒரு புதிய மருந்து. அதை மனிதருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எல்லாம் வேண்டும். அப்படி ஓர் ஆய்வில் சேர்பவரிடம் அந்த மருந்துக்குப் பணம் வாங்கக் கூடாது. மூன்றரை லட்சம் என்று அவர்கள் சொன்ன இடத்திலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

இனி முழங்கால். வலி உங்களுடையது, படி ஏறுவது நீங்கள். அதனால் "போகாதீர்கள்" என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. தொடையின் முன்பக்கத் தசையை வலுவாக்கும் பயிற்சி, தேய்ந்த மூட்டின் சுமையைக் குறைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி நிறுத்திப் பிடிப்பதுபோல் எளிய பயிற்சிதான், ஆனால் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் ஐந்து கிலோ குறைந்தாலே படி ஏறும்போது வித்தியாசம் தெரியும். இறங்கும்போது கையில் தடி இருக்கட்டும், வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்க் கையில். இதெல்லாம் போதாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் மூட்டு மாற்று அறுவை இருக்கிறது. அது பல பத்தாண்டு அனுபவமுள்ள சிகிச்சை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு அங்கே எலும்பு மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்து அவர்தான் சொல்ல முடியும், கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது.

நேரில் போனால் வீடியோவும் பேச்சும் மறுபடி உங்களைக் கரைத்துவிடும். ஆகவே அந்த மருத்துவமனைக்கு மகளைக் கொண்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். துகள் எந்தப் பொருளால் ஆனது, உறையோடு அதன் அளவு எவ்வளவு, அந்தத் துகள் ஏற்றிய செல் குருத்தெலும்பாக மாறுகிறதா என்று சோதித்த முடிவு எங்கே, மனித மூட்டில் எந்தக் கருவியால் பார்ப்பார்கள், பார்ப்பது ஸ்டெம் செல்லா அல்லது அதை விழுங்கிய செல்லா என்று எப்படிப் பிரித்தறிவார்கள், ஆய்வுப் பதிவு எண் என்ன என்று கேட்கட்டும். பதிவு எண் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும், அடுத்து வருடம் இருக்கும். இணையத்தில் அதைத் தட்டினால் ஆய்வின் முழு விவரமும் இலவசமாகக் கிடைக்கும், உங்கள் மகளே பார்த்துவிடலாம்.

கடிதத்தின் கடைசி வரியாக உங்கள் வீட்டுக்காரர் கேட்டதையே, அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். உறை உடைந்தால் உள்ளே இருப்பது எங்கே போகும், அதை எத்தனை வருடம் நீங்கள் கவனிப்பீர்கள் என்று. பதிலைக் கையெழுத்தோடு தாளில் கேளுங்கள். வந்தால் அதன் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள், வரி வரியாகப் படித்து உங்களுக்கு எழுதுகிறேன்.